கம்ஃபர்ட்டபிளா வெச்சுக்கலாம்

"இனிமே அப்பாவைக் கம்ஃபர்ட்டபிளா வெச்சுக்கலாம் சார்" என்றார் டாக்டர். நான் தலையாட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தலையணை மாத்தணுமா டாக்டர்? இது ரொம்ப உயரமா இருக்குன்னு நேத்திலேர்ந்து சொல்லிட்டிருக்கார்" என்று கேட்டேன். அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். என்ன சொல்லலாம் என்று யோசிப்பது போல இருந்தது. அப்புறம், "மாத்திடலாம், சிஸ்டர்கிட்ட சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

குணமாக்கும் சிகிச்சை இத்துடன் முடிந்தது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் மிச்சம் என்று அவர் சொல்லியிருக்கிறார். என் காதில் விழுந்தது மெத்தை, தலையணை, காற்றோட்டம். சாயங்காலம் அக்கா வந்ததும் நல்ல செய்தி சொல்கிறவனைப் போலவே சொன்னேன்: "டாக்டர் நல்லாப் பேசினார்க்கா. இனிமே வசதியா வெச்சுக்கலாம்னு சொல்றார். வார்டுக்கு மாத்துவாங்கன்னு நினைக்கிறேன்." அக்கா தோளில் இருந்த பையைக் கீழே வைக்காமலே நின்றாள். மாமனாரின் கடைசி மாதத்தில் இதே வாக்கியத்தை வேறொரு டாக்டரின் வாயிலிருந்து கேட்டவள் அவள். "டேய், அது அந்த அர்த்தம் இல்லடா" என்றாள்.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நான் பிழைப்புக்கே ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறவன். வழிகாட்டிக் குறிப்புகள், அறிவிப்புப் பலகைகள், பயிற்சிக் கையேடுகள் என்று எது வந்தாலும் செய்வேன். கம்ஃபர்ட் என்ற சொல்லை ஆயிரம் முறையாவது தமிழாக்கியிருப்பேன். எனக்குத் தேவைப்பட்ட அன்று அது விளங்கவில்லை.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் அந்தக் கையேடு வந்திருக்காவிட்டால், டாக்டரின் ஒரு நொடிப் பார்வையை மறந்தேகூடப் போயிருப்பேன். தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களின் குடும்பத்தாருக்காக எழுதிய எட்டுப் பக்கச் சிறு நூல் அது. முதல் பக்கத்தின் ஓரத்தில் ஒரு தலையணைப் படம். எட்டுப் பக்கத்துக்குள் கம்ஃபர்ட் என்ற சொல் 14 இடத்தில் வந்தது. உட்கார வருபவருக்கு வசதியான நாற்காலி என்று ஓரிடத்தில் எழுதினேன். உதடு காய்ந்தால் ஈரத் துணியால் ஒற்றுவது இதமாக இருக்கும் என்று இன்னோர் இடத்தில். உறுத்தாத துணி, ஆசுவாசமான மூச்சு, குடும்பத்தாருக்கு ஆறுதல் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு சொல் தானாக வந்து உட்கார்ந்தது. கடைசிப் பக்கத்தில், தடித்த எழுத்தில் இருந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன். இனி எங்கள் நோக்கம் இவருடைய கம்ஃபர்ட் என்பது அதன் சாரம். அந்த ஒரு வரிக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில் துருவியவைதான் கீழே இருப்பவை.

ஆள் வேண்டாத சொற்களும் ஆள் வேண்டிய சொற்களும்

முதலில் வசதியை எடுத்துக்கொண்டேன். வடமொழியில் இதற்குக் குடியிருப்பு, தங்குமிடம் என்றுதான் பொருள். தமிழில் அது தங்குமிடத்தில் கிடைக்கிற தண்ணீர், வெளிச்சம், கதவு, தாழ்ப்பாள் எல்லாமாக விரிந்து, கடைசியில் பணத்தில் வந்து நின்றுவிட்டது. ஒருவரைப் பணக்காரர் என்று நேராகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் "கொஞ்சம் வசதியானவங்க" என்கிறோம். ஆங்கிலக்காரர்களும் அதே கூச்சத்துக்குக் கம்ஃபர்ட்டபிள் என்ற சொல்லைத்தான் எடுக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மொழியும் ஒரே மாதிரிப் பாசாங்கு செய்கின்றன.

சௌகரியம் என்பது எளிதாகச் செய்யக்கூடியதாக இருத்தல். அதனால்தான் நாற்காலிக்கும் அது பொருந்துகிறது, "நாளைக்குச் சௌகரியப்படுமா?" என்ற கேள்விக்கும் பொருந்துகிறது. சுகம் என்ற சொல்லுக்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. சு என்றால் நல்ல, க என்றால் துளை. நல்ல அச்சுத் துளை உள்ள சக்கரம் என்பதுதான் முதற்பொருள் என்பார்கள். ரிக் வேதத்தில் இச்சொல் தேருக்கு அடைமொழியாக வருவதைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. குலுங்காமல் ஓடுகிற தேர் சுகம், அச்சு சரியில்லாமல் தூக்கிப் போடுகிற தேர் துக்கம். பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்த மூன்று சொல்லுக்கும் இன்னோர் ஆள் தேவையில்லை. ஆளே இல்லாத அறையில்கூட வசதியாக, சௌகரியமாக, சுகமாக இருந்துவிடலாம். ஆறுதல் அப்படி வராது. ஆறுதலுக்கு ஒன்று காலம் வேண்டும், இல்லாவிட்டால் ஆள் வேண்டும்.

ஆறு என்ற வினையை நினைத்துப் பாருங்கள். சூடு ஆறுகிறது, புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது அவசரம் இல்லாமை. ஊதினால் சூடு கொஞ்சம் சீக்கிரம் ஆறலாம், ஆனால் கையை வைத்து அமுக்கினால் ஆறாது. புண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தால் ஆறவே ஆறாது. "ஆறப் போடு" என்கிறோம், "ஆற அமர யோசி" என்கிறோம். இந்தச் சொல்லுக்குள்ளேயே நேரம் ஊறிக் கிடக்கிறது. துக்கம் கேட்கப் போன வீட்டில் வாசலிலேயே "ஆறுதலா இருங்க" என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு மணி பார்க்கிறவர்களுக்கு இது தெரிவதில்லை. நானும் அப்படி மணி பார்த்திருக்கிறேன்.

தேறுதல் அடுத்தது. உடம்பு தேறுகிறது, தேர்வில் தேறுகிறோம், மனம் தேறுகிறது. கலங்கிய நீர் தெளிவதற்கும் இதே வினைதான். மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டுக் கலங்கல் தண்ணீரை ஊற்றினால் மண் அடியில் படிந்து மேலே தெளிவு நிற்கும். கலித்தொகையில், பிரிவால் கலங்கிய ஒரு பெண் துணைவன் திரும்பியதும் தெளிவதற்கு, இல்லத்துக் காழ் கொண்டு தேற்றிய கலங்கல் நீர்தான் உவமை. காழ் என்றால் விதை. இல்லம் தேற்றா மரத்தின் பழைய பெயர். எனக்கு இந்த உவமையில் பிடித்தது, மண் எங்கும் போய்விடுவதில்லை என்பதுதான். பானைக்குள்ளேயே இருக்கிறது. அசைத்தால் மறுபடி கலங்கும்.

இப்படி இரண்டு நல்ல சொற்களை வைத்துக்கொண்டு நாம் அன்றாடம் என்ன செய்கிறோம் என்று பார்த்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது. தொடரையே இழந்த அணி கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் ஆறுதல் வெற்றி. ஐந்து கோல் வாங்கியவர்கள் ஒன்று போட்டால் ஆறுதல் கோல். பரிசு கிடைக்காதவர்களுக்கு ஆறுதல் பரிசு, பெரும்பாலும் யாருக்கும் உதவாத ஒரு பொருள். விபத்து நடந்த இடத்துக்குப் போன பெரிய மனிதர்கள் எல்லோரும் ஆறுதல் கூறுகிறார்கள். என்ன கூறினார்கள் என்று எந்தச் செய்தியிலும் இருக்காது. ஆறுதல் என்றால் தோற்றவனுக்குக் கொடுப்பது என்று ஆகிவிட்டது. கையேட்டின் கடைசி வரியில் ஆறுதல் என்று போட எனக்குக் கை வராததற்கு இதுவும் ஒரு காரணம். சிகிச்சையில் தோற்றுவிட்டோம், இந்தாருங்கள் ஆறுதல் பரிசு என்று படித்துவிடுவார்களோ என்று பயம்.

கோட்டையிலிருந்து மெத்தைக்கு

ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோது ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. கம்ஃபர்ட்டின் உள்ளே இருப்பது ஃபோர்டிஸ் என்ற லத்தீன் சொல். வலிமையான என்று பொருள். கோட்டையைக் குறிக்கிற ஃபோர்ட், முயற்சியைக் குறிக்கிற எஃபர்ட் எல்லாம் இதே குடும்பம். கன்ஃபோர்தாரே என்ற பிற்கால லத்தீன் வினைக்கு வலுவூட்டுதல் என்பதுதான் பொருள். பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்குள் வந்தபோது மெத்தைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இங்கிலாந்தில் 1351இல் வந்த ராஜத்துரோகச் சட்டத்தில், அரசனின் எதிரிகளுக்கு உதவியும் கம்ஃபர்ட்டும் கொடுப்பது துரோகம் என்று இருக்கிறது. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவிலும் அதே தொடர் இருக்கிறது. எதிரிக்குத் தலையணை கொடுப்பதை யாரும் துரோகம் என்று எழுதமாட்டார்கள். எதிரியின் கையை வலுப்படுத்துவது என்பதுதான் அங்கே பொருள். உடம்புக்கு நோகாமல் இருப்பது என்ற பொருள் பின்னால்தான், 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மெல்ல மேலே வந்தது. நாற்காலிகளுக்குத் திண்டு வந்த காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைப் படித்தபோது எனக்கு ஆற்றல் என்ற சொல் நினைவுக்கு வந்தது. ஆறு என்பதன் பிறவினை ஆற்று. சூட்டை ஆற்றுவதும் அதுதான், துயரத்தை ஆற்றுவதும் அதுதான், பொறுத்துக்கொள்வதும் அதுதான், பணியாற்றுவதும் அதுதான். அதிலிருந்து வருகிற ஆற்றல் வலிமை. குறள் 225 இதை வைத்து விளையாடுகிறது: "ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல் அப்பசியை மாற்றுவார் ஆற்றலின் பின்." தவம் செய்கிறவர்களின் வலிமை பசியைப் பொறுத்துக்கொள்வது; ஆனால் அது பிறர் பசியைப் போக்குகிறவர்களின் வலிமைக்கு அடுத்தபடிதான் என்கிறார். பொறுத்துக்கொள்வதும் வலிமையும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன. லத்தீன்காரனும் தமிழனும் கலந்து பேசி வைத்துக்கொண்டது இல்லை. இருந்தும் இரண்டு இடத்திலும் ஆறுதலுக்குள் வலிமை இருந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அது திண்டுக்குள் புதைந்துவிட்டது, தமிழில் ஆறுதல் பரிசுக்குள்.

கிறிஸ்தவர்களுக்கு இன்னொரு வழியில் இது தெரிந்திருக்கும். 1611இன் ஆங்கில விவிலியத்தில் பரிசுத்த ஆவியைக் கம்ஃபர்ட்டர் என்று சொல்கிற இடத்தில், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு தேற்றரவாளன் என்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குப் பக்கத்தில் அழைக்கப்பட்டவர் என்று நேர்பொருள். அவர் என்ன பேசுவார், என்ன தருவார் என்பது பிறகு. முதலில் பக்கத்தில் இருக்கிறார். யோபின் கதையிலும் இது உண்டு. எல்லாம் இழந்து உடம்பெல்லாம் புண்ணாகிக் கிடக்கிறவனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகல், ஏழு இரவு அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பிறகு யோபு புலம்பத் தொடங்கியதும் வாயைத் திறக்கிறார்கள், அத்தோடு கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்க ஆரம்பிக்கிறார்கள். ஆங்கிலத்தில் யோபின் தேற்றரவாளர் என்றால் எரிகிற புண்ணில் உப்பைப் போடுகிறவர் என்று அர்த்தம். அந்த முதல் ஏழு நாளுக்கு யாரும் பாராட்டுவதில்லை. எனக்கு அவர்கள் மேல் கொஞ்சம் பரிவு உண்டு. ஏழு நாள் சும்மா உட்கார்ந்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இந்தச் சொல்லுக்கு அசிங்கமான சரித்திரமும் இருக்கிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் கம்ஃபர்ட் ஸ்டேஷன் என்றால் பொதுக் கழிப்பறை. பிலிப்பைன்ஸில் கம்ஃபர்ட் ரூம் என்று எழுதியிருந்தால் அதுவும் கழிப்பறைதான். இது வரைக்கும் சிரிக்கலாம். அதே கம்ஃபர்ட் ஸ்டேஷன் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜப்பானிய ராணுவத்தில், கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளின் பெண்களை அடைத்து வைத்துச் சிதைத்த இடத்தின் பெயர். இயான்ஃபு என்ற ஜப்பானியச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு ஆறுதல் பெண். 1991 ஆகஸ்ட் 14 அன்று கொரியாவைச் சேர்ந்த கிம் ஹக்-சுன் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் தனக்கு நடந்ததைச் சொன்னார். 1993இல் ஜப்பானிய அரசு ராணுவத்தின் பங்கை ஒப்புக்கொண்டு ஓர் அறிக்கை விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. மொழிபெயர்ப்புக்கு இது வந்தால் நான் மேற்கோள் குறி போடாமல் எழுதுவதில்லை. யாருடைய ஆறுதல் என்று கேட்காத சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம்.

எதைச் சொல்கிறோம் என்று சொல்லாமல் சொல்வது

இவ்வளவு சொற்கள் இருக்க, நாம் ஏன் பேச்சில் கம்ஃபர்ட்டபிளைப் பிடித்துக்கொண்டோம்? கவனித்துப் பார்த்தேன். "டிரெஸ் கம்ஃபர்ட்டபிளா இருக்கா?" என்பது உறுத்துகிறதா என்ற கேள்வி. "நாளைக்கு உங்களுக்குக் கம்ஃபர்ட்டபிளா?" என்பது தோதுப்படுமா என்ற கேள்வி. "அவர்கிட்ட பேச எனக்குக் கம்ஃபர்ட்டபிளா இருக்கு" என்றால் பயமில்லாமல், கூச்சமில்லாமல் பேச முடிகிறது. "இந்த சப்ஜெக்ட்ல நான் கம்ஃபர்ட்டபிள்" என்றால் ஓரளவு தெரியும். நான்கு வேறு விஷயம். தமிழில் சொன்னால் எதைச் சொல்கிறோம் என்று தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆங்கிலத்தில் சொன்னால் தேர்ந்தெடுக்காமல் தப்பிக்கலாம்.

மொழித் தூய்மை பேசுகிறவன் இல்லை நான். அந்தத் தப்பித்தலால் நன்மையும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். "நீங்க இப்படிப் பேசறது எனக்கு அன்கம்ஃபர்ட்டபிளா இருக்கு" என்று ஒரு பெண் அலுவலகத்தில் சொல்கிறாள். அந்த இடத்தில் சங்கடம் என்று போட்டுப் பாருங்கள், அவளுக்கு ஏதோ தர்மசங்கடம் போல ஆகிவிடும். கூச்சம் என்றால் பழி அவள் மேல் போகும். அசௌகரியம் என்றால் மின்விசிறி ஓடவில்லை போலத் தோன்றும். அன்கம்ஃபர்ட்டபிள் என்ற சொல்லோ, எதிரில் இருப்பவனைக் குற்றவாளி என்று அழைக்காமலே நிறுத்தச் சொல்கிறது. விளக்கம் கேட்க இடம் தருவதில்லை. அதற்கு ஈடான தமிழ்ச் சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை. தேடவும் போவதில்லை; கருவி வேலை செய்கிறது, இருக்கட்டும்.

டாக்டரும் அதே கருவியைத்தான் எடுத்தார். கம்ஃபர்ட்டபிளா வெச்சுக்கலாம் என்ற வாக்கியத்தில் சாவு இல்லை, தோல்வி இல்லை, நிறுத்துகிறோம் என்ற வினை இல்லை. அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாளில் எத்தனை பேரிடம் இதைச் சொல்ல வேண்டுமோ. அந்தச் சொல்லின் பஞ்சுக்குள் அவர் ஒளிந்துகொண்டார், நானும் அதே பஞ்சுக்குள் தலையணையைத் தேடினேன். எனக்குப் புரியவில்லை என்று இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது எழுதும்போது, புரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் இருந்தேனோ என்று படுகிறது.

இரண்டு விரல்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் கூடத்தில் குளிர் தாங்காது. அக்காவின் துப்பட்டாவை நானும் என் துண்டை அவளும் மாற்றி மாற்றிப் போர்த்திக்கொள்வோம். இந்தக் குளிர் எப்படித் தீர்மானமாகிறது என்று பின்னால் தேடியதில், சௌகரியத்தைக் கணக்குப் போடுகிற துறையே ஒன்று இருப்பது தெரிந்தது. 1941இல் ஆய்வாளர்கள் உடையின் கதகதப்புக்குக் க்ளோ என்று ஓர் அலகு வகுத்தார்கள். 21 டிகிரியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்குப் போதுமான உடை ஒரு க்ளோ. 1970இல் டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர், காற்றின் வெப்பம், சுற்றியுள்ள பரப்புகளின் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், உடை, உடலின் உழைப்பு என்று ஆறு விஷயங்களை வைத்து ஒரு சமன்பாட்டை வெளியிட்டார். எனக்குப் பிடித்தது அதன் முடிவுதான். எல்லாவற்றையும் எவ்வளவு கச்சிதமாக அமைத்தாலும் நூறு பேரில் ஐந்து பேருக்குத் திருப்தி இருக்காது. கணக்கிலேயே அந்த ஐந்து பேருக்கு இடம் உண்டு. அந்தக் கூடத்தில் அந்த ஐந்து பேராகவே நாங்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாவது நாள் அப்பாவை வார்டுக்கு மாற்றினார்கள். அன்று இரவு பணியில் இருந்த சிஸ்டருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வந்ததும் முதல் வேலையாக அப்பாவின் கையில் இருந்த ரத்த அழுத்தப் பட்டையைக் கழற்றினாள். அரை மணிக்கொரு தரம் தானாக இறுகி இறுகி அந்த இடத்தில் ஒரு நீல வளையம் விழுந்திருந்தது. "இது இனிமே எதுக்கு?" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவிட்டு, டாக்டர் சொல்லியிருந்த மெல்லிய தலையணையை வைத்தாள். ஒரு சின்ன மேசை விசிறியைக் கொண்டுவந்து முகத்துக்கு நேராகத் திருப்பினாள். மூச்சுத் திணறுகிறவர்களுக்கு முகத்தில் காற்றுப் படுவதே தணிவைத் தரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் துணிச் சுருளும் என் கையில் கொடுத்தாள். "நீங்க பண்ணுங்கண்ணா. வாய் காயாமப் பாத்துக்கணும். ரெண்டு மணிக்கொரு தடவை நான் வந்து திருப்பிப் படுக்க வெக்கறேன்." கம்ஃபர்ட் என்ற சொல்லை அவள் அன்று முழுக்கச் சொல்லவில்லை.

துணியை நனைத்துப் பிழிந்து உதட்டில் வைத்தேன். அப்பா கண்ணைத் திறக்காமலே அதை உறிஞ்சினார், குழந்தை உறிஞ்சுவது போல. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு வலது கையை அவர் மார்பில் வைத்துக்கொண்டேன். ஆறுதலுக்குத்தான். யாருடைய ஆறுதலுக்கு என்று இப்போது கேட்டால் பதில் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் கழித்து அவர் ஏதோ முனகினார். குனிந்து காதை வைத்துக் கேட்டேன்.

"கை கனமா இருக்குடா."

சட்டென்று எடுத்துவிட்டேன். மூச்சுக்கே சிரமப்படுகிற நெஞ்சின் மேல் பாசத்தோடு ஒரு பாரத்தை ஏற்றி வைத்திருக்கிறேன். நாற்காலியைப் பின்னால் இழுத்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் விரிப்பின் மேல் அவர் இடது கை மெதுவாக நகர்ந்தது. எதையோ தேடுகிற மாதிரி விளிம்பு வரை வந்தது. நாற்காலியை மறுபடி முன்னால் தள்ளி என் கையைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் பிடித்துக்கொண்டார். பாரம் இல்லாத பிடி. விடிகிற வரை அப்படியே இருந்தது. என் தோள் மரத்துப்போய் வலித்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. நான் அன்று துளியும் சௌகரியமாக இல்லை.

ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்து வைத்திருக்கும் இரண்டும் அந்தக் கட்டிலில் ஒன்றோடொன்று மோதியதை நான் பார்த்தேன். அவர் உடம்புக்கு என் கை வேண்டாம். அவருக்கு என் கை வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு சொல் இருந்தால் அந்த மோதல் கண்ணில் படாது. கையை வைப்பவன் வைத்துக்கொண்டே இருப்பான், அல்லது எடுத்தவன் எடுத்தபடியே போய்விடுவான்.

இதற்கு அறிவியலில் துணை தேடியபோது முதலில் கிடைத்தது ஹாரி ஹார்லோவின் குரங்குக் குட்டிகள். 1958இல் அவர் வெளியிட்ட ஆய்வு அது. தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். கம்பியால் ஒன்று, துணி சுற்றியது இன்னொன்று. கம்பித் தாயிடம் பால் புட்டி இருந்தாலும் குட்டிகள் குடித்துவிட்டு ஓடிவந்து நாள் முழுக்கத் துணித் தாயையே கட்டிக்கொண்டு கிடந்தன. இதைத் தொடுகையின் கம்ஃபர்ட் என்றார் ஹார்லோ. உணவுக்காகத்தான் குழந்தை தாயிடம் ஒட்டுகிறது என்ற நம்பிக்கையை உடைத்தது என்று கொண்டாடுவார்கள். சரிதான். ஆனால் அந்தப் புகைப்படங்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. மென்மை இருக்கிறது, கதகதப்பு இருக்கிறது, திரும்பி அணைக்க ஒரு கை இல்லை. அந்தக் குட்டிகளுக்குக் கிடைத்தது வசதியா, ஆறுதலா என்று நான் இன்னும் தீர்மானிக்கவில்லை.

இரண்டாவது, 2006இல் ஜேம்ஸ் கோன் என்ற உளவியலாளர் தன் குழுவோடு செய்தது. மணமான 16 பெண்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, லேசான மின்னதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்து, மூளை எப்படிப் பதறுகிறது என்று படம் எடுத்தார்கள். யார் கையையும் பிடிக்காதபோது, முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்தபோது, கணவரின் கையைப் பிடித்தபோது என்று மூன்று நிலை. தெரியாதவரின் கையே பதற்றத்தைக் கொஞ்சம் குறைத்தது. கணவரின் கை அதிகம் குறைத்தது, அதிலும் மணவாழ்க்கை நன்றாக இருந்தவர்களுக்கு இன்னும் அதிகம். யார் கை என்று மூளைக்குத் தெரிகிறது. எந்த அளவு எடையுள்ள கை என்று அவர்கள் அளக்கவில்லை. எனக்கு அது ஒரு குறைதான்.

கடைசி வரிக்கு வருகிறேன். நான்கு நாளில் ஏழெட்டு விதமாக எழுதி அடித்தேன். இனி எங்கள் நோக்கம் இவருடைய சௌகரியம் என்று எழுதினால் விடுதி விளம்பரம் மாதிரி இருந்தது. ஆறுதல் என்றால், மேலே சொன்னேனே, பரிசு வாசனை. நிம்மதி என்று எழுதினால் எங்களால் தர முடியாததைத் தருவதாகச் சொல்வது போல இருந்தது. கம்ஃபர்ட் என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன்; படிக்கிறவர்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் என்னைப் போல யாராவது தலையணையைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் இப்படி எழுதி அனுப்பினேன்: "இனி இவருடைய நோயைக் குணமாக்கும் சிகிச்சை இல்லை. வலியும் மூச்சுத் திணறலும் தெரியாமல் பார்த்துக்கொள்வோம். தனியாக விடமாட்டோம்."

மறுநாள் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து பதில் வந்தது. மூலத்தில் ஒரே வாக்கியம், தமிழில் மூன்றாகிவிட்டது, பக்கத்தில் இடம் போதவில்லை, சுருக்க முடியுமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். முடியாது என்று அடித்தேன், அப்புறம் அதை அழித்துவிட்டு, எழுத்தளவைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்களேன் என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்து அச்சுக்கு முந்தைய மாதிரி வந்தது. எழுத்தளவைக் குறைக்கவில்லை. அந்த வாக்கியங்களை முதல் பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள், ஓரத்தில் இருந்த தலையணைப் படத்தை எடுத்துவிட்டு.